சரக்கு அறிவோம்: 'ஹை-ரெஸ்' பாட்டுக் கருவிகளை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?



மளிகை வியாபாரிகளின் இதழில் பாட்டுக் கருவிக்கு என்ன வேலை என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் கேட்கக் கூடும். நம் உறுப்பினர்களில் பலரது கடையில் இன்று முன்பக்கக் கண்ணாடி அலமாரி ஒன்று பிள்ளைகளின் பொறுப்பில் ஓடுகிறது. கைபேசி உறை, சார்ஜர், இயர்போன், மெமரி கார்டு என்று அதில் நடக்கும் வியாபாரத்தில், அரிசி மூட்டையில் பார்க்க முடியாத லாபம் கிடைக்கிறது என்பதை நாம் மறுப்பதற்கில்லை. அந்த வழியாகத்தான் இப்போது 'ஹை-ரெஸ் பிளேயர்' என்னும் சரக்கும் உள்ளே வரப் பார்க்கிறது. சட்டைப் பையில் அடங்கும் கருவி. கைபேசியைவிட, சி.டி.யைவிட உயர்ந்த ஒலி என்று சொல்லி விற்கிறார்கள். ஒன்றின் கொள்முதலே பல ஆயிரம் ரூபாய். பத்துப் பெட்டி எடுத்தால், ஒரு சிறு கடையின் ஒரு மாதப் பருப்புக் கொள்முதல் பணம் அலமாரியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே இந்தச் சரக்கை எப்படிச் சோதித்து எடுப்பது என்று பார்த்துவிடுவோம்.

மிளகு வாங்கும்போது நாம் லிட்டர் எடை பார்க்கிறோம். துவரையில் குத்தூசி போட்டு மூட்டையின் அடியிலிருந்தும் மாதிரி எடுக்கிறோம். ஒலியை நிறுக்கக் கடைத்தெருவில் தராசு கிடையாது. விற்க வருகிறவர் எண்களைத்தான் காட்டுவார். '24 பிட், 192 கிலோ ஹெர்ட்ஸ்' என்பார். முதலில் அந்த எண்களின் பொருள் தெரிய வேண்டும்.

ஒலி என்பது காற்றின் அசைவு. அதை எண்ணாக மாற்றும்போது ஒரு நொடிக்குள் பல்லாயிரம் முறை மாதிரி எடுக்கிறார்கள். சி.டி. என்னும் குறுந்தகடு 1982ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. அதில் நொடிக்கு 44,100 மாதிரிகள். எத்தனை மாதிரி எடுக்கிறோமோ அதில் பாதி அளவு வரையுள்ள அதிர்வைத் திருப்பிக் கொண்டுவர முடியும் என்பது கணக்கு. ஆக, சி.டி.யில் 22,000 ஹெர்ட்ஸ் வரை அடங்கும். மனிதக் காது இளமையில் கேட்பது சுமார் 20,000 வரை. வயது ஏற ஏற அது குறையும். நம் வயதுக்காரர்கள் பலருக்கு 12,000க்கு மேல் ஒன்றும் கேட்பதில்லை. 192 கிலோ ஹெர்ட்ஸ் என்பது 96,000 வரை பதியும். அது வௌவாலுக்குப் பயன்படும்.

பிட் என்பது தராசின் நுணுக்கம் போன்றது. 16 பிட் என்றால் 65,536 படிகள். 24 பிட் என்றால் 1,67,77,216 படிகள். படி கூடக் கூட, மிகச் சிறிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையே உள்ள தூரத்தை இரைச்சல் இல்லாமல் பதியலாம். 16 பிட்டில் அந்தத் தூரம் ஏறத்தாழ 96 டெசிபல். இரவில் அமைதியான வீட்டின் சத்தமே 30 டெசிபல் இருக்கும். அதன் மேல் 96 போட்டால் 126. அந்த அளவுக்குப் பாட்டு வைத்தால் செவிப்பறை தாங்காது. பாட்டுப் பதிவு செய்கிறவர்களுக்கு 24 பிட் மிகவும் பயன்படுகிறது. பாடகர் திடீரென உரக்கப் பாடினாலும் பதிவு கெடாமல் இருக்கவும், பல பதிவுகளைக் கூட்டிச் சேர்க்கவும் அவர்களுக்கு அந்த இடைவெளி தேவை. கேட்பவருக்கு அது நகைக்கடைத் தராசில் புளி நிறுப்பது போலத்தான்.

இதற்கு இடமும் அதிகம் பிடிக்கும். நான்கு நிமிடப் பாட்டு ஒன்று 320 கிலோபிட் எம்.பி.3 ஆக இருந்தால் சுமார் 10 மெகாபைட். சி.டி. தரத்தில் சுருக்காமல் வைத்தால் 42. 24 பிட், 192 கிலோ ஹெர்ட்ஸில் 276. 'ஃபிளாக்' என்னும் முறையில் சேதமில்லாமல் சுருக்கினால் இதில் நல்ல பங்கு குறையும், அவ்வளவுதான். ஒரு விதத்தில் நமக்கு இது லாபம். மெமரி கார்டு கூடுதலாக விற்கும்!

இவ்வளவு பெரிய பதிவைச் சி.டி. தரப் பதிவிலிருந்து காதால் பிரித்தறிய முடிகிறதா? இதை ஒழுங்காகச் சோதித்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகர ஒலி ஆர்வலர் சங்கத்தைச் சேர்ந்த மேயர், மோரன் என்ற இருவர் 2007இல் ஒலிப் பொறியாளர் கழகத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். உயர்தரத் தட்டிலிருந்து வரும் ஒலியை ஒரு முறை நேராகவும், ஒரு முறை சி.டி. தரத்துக்கு இறக்கியும் கேட்க வைத்தார்கள். எது எது என்று கேட்பவருக்குத் தெரியாது. 554 முறை கேட்டதில் 276 முறை சரியாகச் சொன்னார்கள். பாதிக்கு ஒன்று குறைவு. நாணயத்தைச் சுண்டிவிட்டுச் சொல்லியிருந்தாலும் இதே கணக்குதான் வந்திருக்கும்.

அந்தக் கட்டுரையில் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. உயர்தரத் தட்டுகள் பெரும்பாலானவை சாதாரணச் சி.டி.களைவிட நன்றாகவே ஒலித்தன என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். காரணம், அவற்றைத் தயாரித்தவர்கள் அதிகக் கவனத்தோடு வேலை செய்திருந்ததுதான். அரைத்த மாவு நன்றாக இருந்தால் அதற்கு நெல் காரணமாக இருக்கலாம், ஆலையும் காரணமாக இருக்கலாம். மூட்டையில் அடித்த முத்திரையைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. ஆகவே ஒரு கருவியில் புதிதாகச் செப்பனிட்ட பதிவும் மற்றதில் பழைய பதிவும் வைத்துக் காட்டினால், அந்த ஒப்பீடு செல்லாது.

நியாயம் என்றால் இருபுறமும் சொல்ல வேண்டும். அந்தச் சோதனையில் பயன்படுத்திய தட்டுகளில் சில உண்மையில் உயர்தரப் பதிவுகளே அல்ல என்று பின்னர் குறை சொன்னார்கள். 2016இல் லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஷுவா ரைஸ் என்பவர், அதுவரை நடந்த 18 ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டிக் கணக்குப் பார்த்தார். 12,000க்கும் மேற்பட்ட முயற்சிகளில் சரியான விடை நூற்றுக்கு 52.3. குருட்டாம்போக்கில் 50 வரும். ஆகக் கூடுதல் இரண்டேகால். கேட்டுப் பழகியவர்களுக்கு அது நூற்றுக்கு 60 வரை போயிற்று. வித்தியாசம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது, ஆனால் மிகச் சிறியது என்று இதை நாம் எடுத்துக்கொள்கிறோம். கடையில் நின்று இரண்டு நிமிடம் கேட்கும் வாடிக்கையாளருக்கு அது 'வானுக்கும் பூமிக்கும்' என்று யாராவது சொன்னால், அவர் விற்க வந்தவர்.

இதுவரை சொன்னது பதிவைப் பற்றி, அதாவது சரக்கைப் பற்றி. கருவி என்பது பாத்திரம். ஹெட்போன் என்பது இலை. இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டால் விலை பேச முடியாது.

கருவிக்குக் கருவி உண்மையில் என்ன வேறுபடுகிறது? முதலாவது இரைச்சல். நுண்ணிய இயர்போனை மாட்டிப் பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டால் சில கருவிகளில் 'உஸ்ஸ்' என்ற ஓசை வரும். நல்ல கருவியில் வராது. இதற்குப் பரிசோதனைக்கூடம் எதுவும் வேண்டாம், கடையை மூடிய பிறகு கேட்டால் போதும். இரண்டாவது வலு. 300 ஓம் தடையுள்ள பெரிய ஹெட்போன்கள் இருக்கின்றன, சென்ஹைசர் எச்.டி. 650 அத்தகையது. சில சிறு கருவிகளுக்கு அதைப் போதிய சத்தத்துடன் ஓட்டத் தெம்பு இருக்காது. மூன்றாவது, வெளியீட்டுத் தடை. பெட்டிகளில் இதைப் பெரும்பாலும் அச்சிடுவதில்லை. ஆனால் ஒலியின் நிறத்தை மாற்றுவது இதுதான் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறோம்.

கருவியின் வெளியீட்டுத் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். இயர்போனின் தடை எல்லா ஓசைக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு ஓசைக்கு 16 ஓம், வேறொரு ஓசைக்கு 32 ஓம் என்று இருக்கலாம். 16 ஓம் இடத்தில் கருவி கொடுக்கும் மின்னழுத்தத்தில் 26க்கு 16 பங்கு, அதாவது நூற்றுக்கு 61 தான் இயர்போனுக்குப் போய்ச் சேரும். 32 ஓம் இடத்தில் 42க்கு 32, அதாவது 76. இந்த ஏற்றத்தாழ்வு கிட்டத்தட்ட 2 டெசிபல். காதுக்கு நன்றாகவே தெரியும். அதே கருவியின் வெளியீட்டுத் தடை 1 ஓம் ஆக இருந்தால் 94க்கும் 97க்கும் உள்ள வித்தியாசம்தான், கால் டெசிபல். ஆகவே இயர்போன் தடையில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே கருவியின் தடை இருக்க வேண்டும் என்று ஒரு வழக்கு வைத்திருக்கிறார்கள். விற்க வருகிறவரிடம் இந்த ஒரு எண்ணைக் கேட்டுப் பாருங்கள். 192 என்பதை மனப்பாடமாகச் சொன்னவர் இதற்கு விழிப்பார்.

இனி ஒப்பிடும் முறைக்கு வருவோம். குன்னூர்ப் பக்கம் தேயிலை ருசி பார்ப்பதைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். எல்லாக் கிண்ணத்திலும் ஒரே எடைத் தூள், ஒரே அளவு கொதிநீர், ஒரே நிமிடக் கணக்கு. 1980ஆம் ஆண்டின் சர்வதேசத் தரநிர்ணயத்தில் 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் என்று வகுத்தே வைத்திருக்கிறார்கள். ஒரு கிண்ணத்தில் கூடுதலாகத் தூள் போட்டுவிட்டு 'இந்தத் தோட்டத்துத் தேயிலைதான் கெட்டி' என்றால் யாராவது ஒப்புவார்களா? ஒலியில் தினமும் ஒப்புகிறார்கள்.

இங்கே அந்தக் கூடுதல் தூள், சத்தத்தின் அளவு. காது ஒரு விசித்திரமான கருவி. சத்தம் கொஞ்சம் கூடினால் தாழ்ந்த ஓசையும் உச்ச ஓசையும் அதற்குக் கூடுதலாகக் கேட்கும். இதை ஃபிளெட்சர், மன்சன் என்ற இரு அமெரிக்கர்கள் 1933லேயே அளந்து எழுதிவிட்டார்கள். வித்தியாசம் ஒரு டெசிபலுக்கும் குறைவாக இருந்தால், கேட்பவருக்கு அது சத்தம் கூடியதாகத் தோன்றாது. 'தெளிவாக இருக்கிறது', 'உயிரோட்டம் இருக்கிறது' என்றுதான் தோன்றும். நம் கடைத்தெருவில் ஒரு விநியோகஸ்தரின் ஆள் இரண்டு கருவிகளைக் காட்டியபோது இதைக் கண்ணெதிரில் பார்த்தோம். விலை கூடியதில் ஒலி பிரமாதம் என்று கடைக்காரரின் தம்பி மகன் சொன்னான். மலிவானதில் சத்தத்தை இரண்டு படி ஏற்றச் சொன்னோம். பையனின் கண்ணைக் கட்டிவிட்டு மாற்றி மாற்றிக் கேட்க வைத்தோம். மூன்று முறை ஒன்றைச் சொன்னான், மூன்று முறை மற்றதைச் சொன்னான். வந்தவர் கேட்ட ஆர்டர் இருபது பெட்டி. ஒன்றுகூட எடுக்கவில்லை.

சத்தத்தைச் சமன் செய்ய மின்வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் மல்டிமீட்டர் போதும். ஆனால் மாறுமின்னழுத்தத்தை 2 வோல்ட் வீச்சில், மில்லிவோல்ட் வரை காட்டும் மீட்டராக இருக்க வேண்டும். 200 வோல்ட் வீச்சு மட்டுமே உள்ள மலிவு மீட்டர் உதவாது. 300 ஹெர்ட்ஸ் அளவில் ஒரே சீராக ஒலிக்கும் ஓசைக் கோப்பு ஒன்றை இரு கருவிகளிலும் ஏற்றிக்கொள்ளுங்கள். ஹெட்போன் மாட்டிய நிலையிலேயே வெளியீட்டை அளந்து, இரண்டும் ஒரே எண் காட்டும்படி வையுங்கள். நூற்றுக்கு ஒன்றுக்குள் வித்தியாசம் இருந்தால் அது பத்தில் ஒரு டெசிபல், குறை சொல்ல இடமில்லை. நூற்றுக்கு 12 இருந்தால் அது ஒரு முழு டெசிபல், சோதனை பாழ். கருவிகளின் படிகள் சரியாக ஒத்துவராவிட்டால் மலிவான கருவியை அரைப் படி தூக்கலாக வையுங்கள். அதன் பிறகும் விலை கூடியது ஜெயித்தால் அந்தச் சரக்கில் ஏதோ இருக்கிறது என்று பொருள்.

ஒலிச்சீர் செய்யும் வசதி, 'பாஸ் பூஸ்ட்' போன்றவை இரண்டிலும் அணைந்திருக்க வேண்டும். ஒரே கோப்பு, ஒரே ஹெட்போன். மாற்றுவதற்கு ஒரு சிறு சுவிட்ச் பெட்டி இருந்தால் நல்லது. ஒலியின் நினைவு நொடிக் கணக்கில் மங்கிவிடும் என்பதால், ஐந்து நிமிடம் கழித்து அடுத்ததைக் கேட்பதில் பயனில்லை. கம்பியில்லா புளூடூத் ஹெட்போனில் சோதிக்கவே வேண்டாம். சி.டி. தரத்துக்கு நொடிக்கு 1,411 கிலோபிட் வேண்டும். சோனியின் எல்டாக் முறையே அதிகபட்சம் 990 தான் அனுப்பும். சரக்கு வண்டியிலேயே குறைந்துவிட்ட பிறகு பாத்திரத்தை ஒப்பிட்டு என்ன செய்வது?

கேட்பவருக்கு எந்தக் கருவி ஓடுகிறது என்று தெரியக் கூடாது. மாற்றிக் கொடுப்பவர் நாணயம் சுண்டி, பூ விழுந்தால் ஒன்று, தலை விழுந்தால் மற்றது என்று போட்டு, ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். கேட்பவர் அவர் முகத்தையும் பார்க்கக் கூடாது. பத்து முறை செய்யுங்கள். பத்துக்கு ஏழு சரி என்றால் உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். வெறும் அதிர்ஷ்டத்திலேயே ஏழும் அதற்கு மேலும் வர நூற்றுக்கு 17 வாய்ப்பு உண்டு. எட்டும் அதற்கு மேலும் வர ஐந்தரை. ஒன்பதும் அதற்கு மேலும் வர ஒன்றே ஒன்று. ஒன்பது வந்தால் நம்பலாம்.

இப்படிச் சோதிக்காமல் கூட்டம் கூட்டமாகப் பணம் போட்ட கதையும் உண்டு. கனடாவில் பிறந்த புகழ்பெற்ற பாடகர் நீல் யங் 2014 மார்ச் மாதத்தில் 'போனோ' என்ற முக்கோண வடிவக் கருவியை அறிவித்தார். விலை 399 டாலர். 24 பிட், 192 கிலோ ஹெர்ட்ஸ். முன்பணமாகவே 18,000க்கும் அதிகமானோர் 62 லட்சம் டாலர் கட்டினார்கள். 2015 தொடக்கத்தில் டேவிட் போக் என்ற பத்திரிகையாளர் 15 பேரை அழைத்து, எது எதுவென்று சொல்லாமல் அதையும் ஐபோனையும் கேட்க வைத்தார். பெரும்பாலானோர் போனோவைத் தேர்ந்தெடுக்கவில்லை. பதினைந்து பேர் சிறு எண்ணிக்கைதான், அதை வைத்து நாம் தீர்ப்பு எழுத மாட்டோம். கருவியின் உள்வேலையை நல்ல பெயருள்ள பொறியாளர்கள் செய்திருந்தார்கள், அதைப் புகழ்ந்தவர்களும் உண்டு. ஆனால் பாட்டு விற்கும் அவர்களது கடை 2016 ஜூலையில் நின்றது, பின்னணியில் அதை நடத்திக் கொடுத்த நிறுவனத்தை ஆப்பிள் வாங்கியதால். 2017 ஏப்ரலில் போனோ முடிந்துபோனதாக யங்கே அறிவித்தார். நல்ல பாத்திரம், ஆனால் நிரப்பச் சரக்கு கொடுக்கும் கை நின்றுவிட்டது. கருவியைத் தேக்கி வைத்திருந்தவர்கள் நிலையை எண்ணிப் பாருங்கள். 2021 ஜூனில் ஆப்பிளே உயர்தரப் பதிவுகளைக் கூடுதல் கட்டணமின்றித் தன் இசைச் சேவையில் கொடுக்கத் தொடங்கியது.

விலையின் மேல் எல்லைக்கு ஒரு சான்று. 2016இல் சோனி இரண்டு கருவிகளை வெளியிட்டது. ஒன்றின் கூடு அலுமினியம், விலை அமெரிக்காவில் சுமார் 1,200 டாலர். மற்றதன் கூடு தங்கமுலாம் பூசிய செம்பு, விலை சுமார் 3,200 டாலர். பெருக்கிச் சில்லு இரண்டிலும் ஒன்றே. உட்கம்பியிலும் சில உதிரிகளிலும் மாற்றம் உண்டு. செம்புக் கருவியின் எடை 455 கிராம். அரை கிலோவுக்கு 45 கிராம் குறைவு. சட்டைப் பை கிழிந்துவிடும். அதை வாங்கியவர்களை நாம் குறை சொல்லவில்லை. பட்டுச் சேலையின் ஜரிகை குளிர் தாங்குவதற்கு இல்லையே! செம்பும் தங்கமும் கையில் பிடிக்க அழகாகத்தான் இருக்கும். அழகை அழகென்று சொல்லி விற்றால் பழுதில்லை.

'இதில் இரண்டு மடங்கு ஒலி கேட்கும்' என்று வாயால் உறுதி கொடுத்து விற்பதுதான் வம்பு. 2020இல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், தயாரிப்பாளர் கொடுக்காத உறுதியை விற்பவர் தானாகக் கொடுத்தால் அவரையும் பொறுப்பாக்க இடம் வைத்திருக்கிறார்கள். பெட்டியில் அச்சிட்டதை மட்டும் சொல்லச் சொல்லிப் பிள்ளைகளைப் பழக்குங்கள். வாடிக்கையாளரிடம் ஐயாயிரம் ரூபாய் இருந்தால் பெரும்பங்கை ஹெட்போனுக்குச் செலவிடச் சொல்லுங்கள். இரு கருவிகளுக்கு இடையே காது தேடித் தேடிக் கண்டுபிடிக்கும் வித்தியாசத்தை, இரு ஹெட்போன்களுக்கு இடையே முதல் வரியிலேயே கேட்டுவிடலாம்.

எடுப்பது என்று முடிவு செய்தால் இரண்டு பெட்டிக்கு மேல் முதலில் வேண்டாம். விற்காததைத் திரும்ப எடுப்பார்களா என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். இந்தக் கருவிகளில் இருப்பது லித்தியம் மின்கலம். பெட்டியைப் பிரிக்காமல் வைத்தாலும் அது கிழடாகிக்கொண்டே வரும். முழு சார்ஜில், வெயில் படும் கண்ணாடி அலமாரியில் வைத்தால் இன்னும் சீக்கிரம். காட்சிக்கு வைத்த கருவியைப் பாதி சார்ஜில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்து ஏற்றி, இரவில் அதைக் கல்லாவுக்குப் பின்னால் நிழலான தட்டில் வைத்துவிட்டுக் கடையைப் பூட்டுங்கள்.